காந்தத்தில் கைவைத்த மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். பதினேழு வருடம் இருந்தாயிற்று. இங்கே உங்கள் அக்கா நலம், எங்கள் மகள் நலம். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதைத் தனியாகக் கேட்கவேண்டியதில்லை. அடுத்தவன் நிம்மதியைக் கெடுப்பவர்களுக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை என்பதை நான் நெடுநாளாகக் கவனித்துவருகிறேன். இதுவரை உங்களை 'நீ' என்றும் 'மாப்பிள்ளை' என்றும் கூப்பிட்டுவந்தவன் இன்று 'நீங்கள்' என்று எழுதுவதைப் பார்த்து, அத்தானுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். இது மரியாதை இல்லை. இடைவெளி.

விஷயம் உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். நான் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரை சென்ற வாரம் திரும்பி வந்தது. கட்டுரையை இரண்டு பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பதும், அவர்கள் யாரென்று எழுதியவனுக்குச் சொல்லாமல் மறைப்பதும் அந்த இதழின் வழக்கம். முதல் மதிப்பீட்டாளர், 'நன்று, வெளியிடலாம்' என்று மூன்று வரி எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். யாரோ பண்புள்ள மனிதர், நன்றாக இருக்கட்டும். இரண்டாம் மதிப்பீட்டாளர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். 'இது ஆர்வமூட்டும் கட்டுரை. இருப்பினும் ஒரு சிறிய ஐயம்' என்று தொடங்குகிறார். அந்தச் சிறிய ஐயம் மூன்று பக்கத்துக்குள் ஆறு முறை வருகிறது. ஆறாவது ஐயத்தோடு நான் தாள்களை மேசைமேல் விட்டெறிந்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யாரென்று கண்டுபிடிக்க.

'ஒரு சின்ன சந்தேகம், அத்தான்.' இந்த உலகத்தில் இப்படிப் பேச்சைத் தொடங்குகிறவர் எத்தனை பேர்? எங்கள் திருமணப் புகைப்படங்கள் வந்த அன்று, வீட்டில் அத்தனை பேரும் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தாங்கள் ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்ன சந்தேகம். அத்தான் கண்ண மூடிட்டாரா, இல்ல கண்ணே அவ்வளவுதானா?" என்று கேட்டீர்கள். உங்கள் அக்கா சிரித்தாள். திருமணமாகி ஒன்பதாவது நாள். அதற்குப் பிறகு நான் எந்தப் புகைப்படத்திலும் இயல்பாக நிற்கவில்லை. அலுவலக அடையாள அட்டையில் பேயைக் கண்டவன்போல் இருக்கிறேன். நாங்கள் வீடு கட்டி முடித்து உங்களை அழைத்துவந்து காட்டியபோது, "ஒரு சின்ன சந்தேகம். இந்த ஜன்னல் எதுக்கு? எதிர்ல சுவருதானே இருக்கு?" என்றீர்கள். அந்த ஜன்னலை ஆறு வருடமாக நான் திறக்கவில்லை. என் மகள் வகுப்பில் இரண்டாவதாக வந்தபோது, வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டவரும் நீங்கள்தான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். குடும்பம் என்றால் நாலும் இருக்கும். ஆனால் என் பாக்டீரியாவில் கைவைத்தால் பொறுக்கமாட்டேன்.

அந்தப் பாக்டீரியாவைப்பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, நீங்களும் அதே தொழில்தான். ஆனால் இந்தக் கடிதத்தை உங்கள் மனைவியும் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம், எப்படிப்பட்டவருடன் குடித்தனம் செய்கிறோம் என்று அவருக்கும் தெரியட்டும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். அது ஒரு சிறு கிருமி. தட்டில் வளர்த்தால் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வரும். ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான கதிர்வீச்சைப்போல் ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் சாகாது. உள்ளே இருக்கும் மரபணு இழை நூறு துண்டாக உடைந்துபோனாலும், யாரிடமும் முறையிடாமல், சில மணி நேரத்தில் தானே துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுப்போட்டுக்கொண்டு எழுந்துவிடும். அவமானங்களைத் தாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கும் எந்த உயிரின்மேலும் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மா, பன்னிரண்டு வருடமாகக் குழாய் கழுவி அடுக்குகிறவர், அவற்றைச் 'சாவே வராத பசங்க' என்பார். நீங்கள் 'அத்தானோட வாரிசுங்க' என்பீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து, என் மகள் எதிரிலேயே, "வாரிசுங்கள்லாம் எப்படி இருக்காங்க, அத்தான்? மூத்தவன் வேலைக்குப் போறானா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. தேதியும் இருக்கிறது.

நான் செய்த சோதனை சிறு பிள்ளைக்கும் புரியும். ஒரு குடுவையில் அந்தக் கிருமியை வளர்க்கிறேன். அதை இரண்டு தொகுதிச் சோதனைக்குழாய்களில் பிரிக்கிறேன். ஒரு தொகுதியை மின்காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் வைக்கிறேன். இன்னொரு தொகுதியை அதே அறையின் மறுகோடியில், காந்தம் எட்டாத இடத்தில், அதே ஆறு மணி நேரம் வைக்கிறேன். பிறகு இரண்டையும் கதிர்வீச்சு அறைக்கு எடுத்துப்போய் ஒரே அளவு கதிர் கொடுக்கிறேன், அந்தக் கிருமியிலேயே பெரும்பாலானவை சாகும் அளவு. அதற்கும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் நமக்கு முறை. அந்த அறையின் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறக்கிற ஆள், ஒரு நிமிடம் பிந்தினால் அடுத்த வாரம் வா என்பார். பிறகு தட்டுகளில் பரப்பி, மூன்று நாள் கதகதப்பில் வைத்து, வெள்ளிக்கிழமை புள்ளிகளை எண்ணுகிறேன். எத்தனை புள்ளியோ அத்தனை உயிர் பிழைத்தது என்று பொருள். காந்தம் படாத தொகுதியில் நூற்றுக்கு இருபது பிழைக்கிறது. காந்தத்தின் நடுவே இருந்துவந்த தொகுதியில் நாற்பது. இரட்டிப்பு, மைத்துனரே. ஒரு முறை இல்லை, இரண்டு முறை இல்லை, நான்கு வருடத்தில் அறுபத்தொரு முறை. காந்தப்புலம் ஓர் உயிரைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றுகிறது என்று முதலில் கண்டவன் நான் என்றே நினைத்தேன். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. இரண்டு முறை பதவி உயர்வு என் மேசையைத் தாண்டிப் பக்கத்து மேசைக்குப் போயிருக்கிறது. வாழ்க்கையில் நான் முதலில் கண்டது வேறு எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரை வந்தால்தான் அறை எனக்கு. இதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன், போன முறை வந்தபோது மாடிப்படியில் நின்று சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள். எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "சார், நாலு வருஷமா ஒரே கிருமி, ஒரே காந்தம். மேல கேட்டா நானும் எதையாவது காட்டணுமில்ல? இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டுரை ஏத்துக்கிட்டாங்கன்னு ஒரு தாள் கொண்டாங்க. இல்லேன்னா காந்தத்தையும் அறையையும் மண் ஆய்வுப் பிரிவுக்குக் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். மண் ஆய்வுப் பிரிவுத் தலைவர் மறுநாளே அளவுநாடாவுடன் வந்துவிட்டார். நான் உட்கார்ந்திருக்கிறேன், என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து சுவரை அளக்கிறார். "சார், கொஞ்சம் காலை நகர்த்திக்குங்க" என்கிறார். நகர்த்திக்கொண்டேன். "இங்க ஒரு சல்லடை மேசை போட்டா அம்சமா இருக்கும்" என்று என்னிடமே அபிப்பிராயம் கேட்கிறார். மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்த நிலையில்தான் தங்கள் ஆறு ஐயங்கள் வந்து சேர்ந்தன.

புள்ளிகளை எண்ணியவர் யார், எண்ணும்போது எந்தத் தட்டு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியுமா என்று ஓர் ஐயம். எண்ணியவன் நான். எனக்குத் தெரியாமல் பின்னே யாருக்குத் தெரியும்? என் கண்ணைப்பற்றிப் பதினேழு வருடத்துக்கு முன் சொன்னது போதாதா, இன்னும் அதை விடவில்லையா? காந்தத்தின் வலிமை குழாயின் மேலும் கீழும் ஒரே அளவா என்று ஓர் ஐயம். மூன்றாவது படத்தில் கோடு ஏன் அவ்வளவு தடிமன் என்று ஓர் ஐயம். என் மகள் வரைந்த கோடு அது, அவளையும் விடவில்லை. ஆறாவது ஐயம் எல்லாவற்றுக்கும் சிகரம்: தலைப்பில் 'காந்தப்புலம்' என்ற சொல் சற்று அவசரப்பட்டு வைக்கப்பட்டதோ என்கிறீர்கள். காந்தப்புலத்தைப்பற்றி எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும், என் பெயர்தான் இருக்கும். அங்கேதான் படிப்பதை நிறுத்தினேன்.

ஆனால் என் வயிறு எரிவது இவற்றால் இல்லை, நான்காவது ஐயத்தால். 'சோதனைக்குழாய்களின் வெப்பநிலை எந்த இடத்தில் அளக்கப்பட்டது?' எந்த இடத்தில். கட்டுரையின் பதினொன்றாம் பக்கம் முழுக்க வெப்பநிலை அட்டவணைதானே இருக்கிறது, அதைப் படிக்கக்கூடப் பொறுமை இல்லையா? அறுபத்தொரு சோதனை, ஒவ்வொன்றிலும் மணிக்கு ஒரு முறை வீதம் ஏழு அளவு, ஆக நானூற்று இருபத்தேழு அளவுகள், எல்லாம் தசமப்புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு. ஒன்றுகூட இருபத்து நான்கரையைத் தாண்டவில்லை. மின்சாரம் பாய்ந்தால் காந்தத்தின் கம்பிச்சுருள் சூடாகும் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டீர்களா? அதற்காகத்தானே குளிர்சாதனம் வைத்து அறையை இருபத்துநாலில் நிறுத்தியிருக்கிறேன். வெப்பமானியைச் சுவரில் மாட்டியிருப்பதைக் கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். ஏன் சுவரில் மாட்டினேன் என்பதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். முதல் முறை அதைக் குழாய்களோடு சேர்த்துத்தான் வைத்தேன். எஃகு உறை போட்ட நல்ல வெப்பமானி. காந்தத்தை முடுக்கியதுதான் தாமதம், அது எழும்பிப் பாய்ந்து காந்த முனையில் போய் ஒட்டிக்கொண்டது, போகிற போக்கில் மூன்று குழாய்களை உடைத்துவிட்டது. நானும் உதவியாளர் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "சார், காந்தத்தை நிறுத்திட்டு இழுத்தா வராதா?" என்று அந்த அம்மா கேட்டார். வந்தது. அன்றே அதை எடுத்து எதிர்ச்சுவரில், காந்தத்திலிருந்து ஐந்து எட்டுத் தள்ளி, மறு தொகுதிக் குழாய்களுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினேன். அன்றிலிருந்து அது ஆடவில்லை, அசையவில்லை. இவ்வளவு யோசித்துச் செய்தவனைப் பார்த்து எந்த இடத்தில் அளந்தாய் என்று கேட்பது அறிவியலா, அல்லது மச்சினன் குறும்பா?

நேற்று உங்கள் அக்காவிடம் நாலு பக்கத்தையும் கொடுத்து, "இது யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்றேன். அவள் மருத்துவமனை மருந்தகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலணியைக்கூடக் கழற்றாமல் முதல் பக்கத்தைப் படித்தாள்.

"என் தம்பியா? அவன்னா நேரா உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருப்பான்."

"பதினேழு வருஷமா அதைத்தானே பண்றான். இப்ப சம்பளத்தோட வேற யாரோ பண்ணச் சொல்லியிருக்காங்க."

"இதுக்குச் சம்பளமெல்லாம் கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அப்ப இன்னும் மோசம். இலவசமா பண்றான்."

அவள் உடனே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். அவள் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: "அக்கா, அதைப்பத்தி நான் பேசக் கூடாதுக்கா. அத்தான் பக்கத்துல இருக்காரா?" செய்யாதவர் இல்லை என்றல்லவா சொல்வார்? பேசக் கூடாது என்று சொல்பவர் யார்? அதோடு, நான் பக்கத்தில் இருக்கிறேனா என்ற விசாரிப்பு வேறு. ஆனால் ரத்த பாசம் சும்மா விடுமா, இணைப்பைத் துண்டித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சரி, அவன்தான்னே வெச்சுக்குவோம். கேட்டது தப்பா? குழாய்க்குள்ள எவ்வளவு சூடுன்னு அளந்தீங்களா?" என்றாள்.

"அறையோட சூடுதான் குழாயோட சூடு. அது பதினொன்றாம் பக்கத்துல இருக்கு."

"எங்க மருந்தகத்துல தடுப்பூசி வெச்சிருக்கற ஃப்ரிட்ஜோட சூட்டை ஃப்ரிட்ஜுக்குள்ளதான் பார்ப்போம். வரிசைல நிக்கறவங்க தலைக்குமேல மாட்டிப் பார்க்க மாட்டோம்."

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து இருபத்தாறு வருடம் ஆய்வகத்தில் கழித்தவனுக்கு, ஃப்ரிட்ஜைக் காட்டிப் பாடம் எடுக்கிறாள். இந்தத் துணிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டிலிருந்து. உங்கள் வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறீர்கள்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை, திங்கட்கிழமை, கண்ணாடி வெப்பமானி ஒன்றைப் பக்கத்து ஆய்வகத்தில் வாங்கி, காந்தத்தின் நடுவே இருக்கும் குழாய்க்குள்ளேயே செருகி, அங்கேயும் இருபத்துநாலுதான் என்று எழுதி, அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு குத்தி அனுப்பப்போகிறேன். அதன் நகல் இதழாசிரியருக்கும் போகும். அதைப் பார்த்தபிறகு நீங்கள் எழுதிய நாலு பக்கத்தையும் நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். பெறாவிட்டால் இனி உங்கள் வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் அக்கா வருவாள், அவளை நான் தடுக்கமுடியாது. வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நல்ல படிப்பும் நீண்ட ஆயுளும் வாய்க்கட்டும். அவர்கள் தாயைப்போல் வளரட்டும். உங்கள் மனைவிக்கு என் அன்பும் அனுதாபமும். உங்களுக்கு நல்ல புத்தி கிடைக்க வாழ்த்துகிறேன். உங்களைப்போல் முகத்தை மறைத்துக்கொண்டு எழுதும் பழக்கம் எனக்கு இல்லாததால் கீழே முழுப் பெயரும் பட்டமும் பதவியும் போட்டுக் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: மேலே உள்ளது ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. 'இப்படிக்கு' என்பதன் கீழே கறுப்பாகத் தெரிவது மை கொட்டியதல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

திங்கள் காலை கண்ணாடி வெப்பமானியைச் செருகினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். சுவரில் இருபத்துநாலு புள்ளி இரண்டு. குழாய்க்குள் இருபத்தொன்பது புள்ளி ஆறு. வெப்பமானி கெட்டுப்போயிருக்கிறது என்று இன்னொன்று வாங்கிவந்தேன். அதுவும் கெட்டுப்போயிருந்தது. மூன்றாவதை வாங்கப் பக்கத்து ஆய்வகத்துக்குப் போனபோது, அங்கே இருந்தவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். அதனால் திரும்பிவிட்டேன். உதவியாளர் அம்மா குழாய் அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சும்மா, பேச்சுக்கு, "காந்தத்துகிட்ட இருக்கற குழாய் கொஞ்சம் சூடா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இருக்குமே சார். எடுக்கறப்பல்லாம் கைக்கு இதமா இருக்கும். அந்த அறைக் குளிருக்கு அதைத்தான் முதல்ல எடுப்பேன்."

"எப்போதிலிருந்து?"

"மொத நாள்லேருந்தே."

"ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அதுவுமில்லாம, காந்தத்தை நிறுத்திட்டு இழுங்கன்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கு நீங்க, குழாய் கழுவற வேலைய மட்டும் பாருங்கன்னு சொன்னீங்க. பார்த்துட்டிருக்கேன்."

நான்கு வருடம் ஒவ்வொரு முறையும் அவர் கையில் இருந்த விடை அது. நான் ஐந்து எட்டு நடந்து போய்ச் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சூடு இருந்தால் இருக்கட்டும், காந்தமும் இருக்கிறதல்லவா? செவ்வாய்க்கிழமை முறைக்குப் புதிதாக இரண்டு தொகுதி சேர்த்தேன். ஒன்றைக் காந்தத்தின் நடுவே, ஆனால் சுற்றிலும் குளிர்ந்த நீர் ஓடவிட்டு, இருபத்துநாலில் வைத்தேன். இன்னொன்றைக் காந்தமே இல்லாத அறையில், வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில், இருபத்தொன்பதரையில் வைத்தேன். கதிர் கொடுத்தேன். மூன்று நாள் காத்திருந்தேன். இன்று காலை தட்டுகளில் அடையாளம் எழுதிய இடத்தை உதவியாளர் அம்மாவை விட்டுத் தாள் ஒட்டி மறைக்கச் சொல்லிவிட்டு எண்ணினேன். ஆம், மறைத்துவிட்டுத்தான். காந்தம் இருந்து குளிர்ந்த குழாயில் நூற்றுக்கு இருபது. காந்தம் இல்லாமல் கதகதப்பாக இருந்த குழாயில் நாற்பத்தொன்று. என் கிருமிகள் காந்தத்தால் திடப்படவில்லை, மாப்பிள்ளை. ஆறு மணி நேரம் இதமாக உட்கார்ந்து சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு கதிருக்குப் போயிருக்கின்றன. மறு தொகுதி குளிரில் வெடவெடத்துக்கொண்டு போயிருக்கிறது. இதுதான் அறுபத்தொரு சோதனையின் முடிவு.

பிறகு நீ எழுதியதை எடுத்து, நான் புரட்டாமல் விட்ட நாலாம் பக்கத்தைப் படித்தேன். அதில் ஐயம் எதுவும் இல்லை. 'இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு துல்லியமாக நான்கு ஆண்டுகள் எண்ணப்பட்ட எண்ணிக்கைகளை இத்துறையில் நான் கண்டதில்லை. வெப்பமே காரணம் என்று தெரியவந்தால், அதுவே தனிக் கட்டுரைக்கு உரியது. இதழாசிரியர் இவருக்குக் கால அவகாசம் தரவேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். இதை முதல் பக்கத்தில் எழுதினால் உனக்கு என்ன கெட்டுவிடும்? நாலாம் பக்கம் வரை ஒரு மனிதனை வறுத்தெடுத்துவிட்டு, கடைசியில் யாரும் படிக்காத இடத்தில் கொண்டுபோய் நல்ல வார்த்தையை ஒளித்துவைப்பது என்ன பழக்கம்? இதற்காக உன்மேல் இருக்கும் கோபம் தனி. அதை மேலே உள்ளவற்றோடு சேர்த்துக்கொள். புகைப்படம், ஜன்னல், என் மகளின் மதிப்பெண், வாரிசுகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. நான்காவது ஐயத்தை மட்டும் அடித்துவிடு. முதலாவதையும். ஆறாவதையும் வேண்டுமானால். மூன்றாவதை அடிக்காதே, அந்தக் கோட்டில் ஒரு குறையும் இல்லை.

இயக்குநரிடம் போய் இப்படி இப்படி என்று சொன்னேன். "சார், இதை நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார். பாராட்டா வருத்தமா என்று புரியவில்லை. காந்தம் மண் ஆய்வுக்குப் போகிறது. அறையும் போகிறது. எனக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு நீர்த்தொட்டி வைக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீர்த்தொட்டிதானே வேண்டும், போதும். உதவியாளர் அம்மா தானாகவே மேசையைக் கீழே இறக்கித் துடைத்துவைத்துவிட்டார். வெப்பமானியை எங்கே வைப்பது என்று இந்த முறை அவரிடம் கேட்டேன். "தொட்டிக்குள்ள சார்" என்றார், ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல. பொறுத்துக்கொண்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆசிரியருக்கு இன்று மத்தியானம் எழுதி அனுப்பிவிட்டேன். அளவு தவறான இடத்தில் எடுக்கப்பட்டது, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதி, முழுப் பெயரும் பட்டமும் பதவியும் போட்டு, கையெழுத்தும் போட்டேன். போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்றுதான் எடுத்தேன். உன் அக்கா, "எழுதினது எழுதிட்டீங்க, அனுப்புங்க. அவனும் கொஞ்சம் படிக்கட்டும்" என்றாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அனுப்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போட்ட கையெழுத்தை அடித்துவிட்டேன். ஒரே நாளில் இரண்டு இடத்தில் என் பெயரைப் போட எனக்குத் தெம்பில்லை. இது கையெழுத்தில்லாமலே தபாலுக்குப் போகிறது. யார் எழுதியது என்று நீயே கண்டுபிடித்துக்கொள்.